பல நாட்டு மாலுமிகளுடன் ஒரே கப்பலில்: கேள்வி பதில்

சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக (கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி) பணியாற்றும் ஒருவர், கடல்பணிக்குச் செல்லவிருப்போர் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: கப்பலில் எந்த மொழியில் பேசுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: நிறுவனமோ கேப்டனோ முடிவு செய்வார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பணிமொழியைத் தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் விதி. பெரும்பாலும் அது ஆங்கிலமாகவே இருக்கும்.

கேள்வி: வேலை தெரிந்தால் போதாதா? மொழி அவ்வளவு முக்கியமா?

பதில்: 1990 ஏப்ரல் 7 அன்று, ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்து 159 பேர் உயிரிழந்தனர். தீ பற்றியதற்கும் பரவியதற்கும் காரணங்கள் வேறு. ஆனால் புதிதாகச் சேர்க்கப்பட்ட பணியாளர்களில் போர்த்துகீசியர் பலருக்கு ஆங்கிலமோ பயணிகளின் மொழியோ தெரியாததும், அவர்கள் ஒன்றாகப் பயிற்சி பெற்றிராததும் மீட்புப் பணியைக் குலைத்தன.

கேள்வி: சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வேறொன்றைச் செய்கிறவரிடம் எப்படி வேலை வாங்குவது?

பதில்: மேலதிகாரியிடம் மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வளர்ந்தவர்கள் பிலிப்பைன்ஸிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு, ஆகவே "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, ஏனெனில் அதற்கு மறுப்பாகப் பதில் வரவே வராது. "எந்த வால்வை முதலில் திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். சுக்கான் பிடிப்பவர் ஒவ்வொரு கட்டளையையும் திருப்பிச் சொல்லி, நிறைவேற்றியபின் மீண்டும் அறிவிப்பதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. அது கேப்டன் முன்னிலையிலும் எல்லோருக்கும் பொதுவான முறை என்பதே காரணம். அதே முறையை, கப்பலைச் சமநிலையில் வைக்கும் பாலாஸ்ட் நீரேற்றும் வேலைக்கும், கயிறு கட்டும் வேலைக்கும் கொண்டுவந்தால், சந்தேகம் கேட்பதற்குத் தனித் துணிச்சல் தேவைப்படாது. இதில் அதிகாரிகளின் பங்கே பெரிது என்பேன். தன்னை எந்நேரமும் எழுப்பலாம் என்று எழுதிவைத்துவிட்டு, நள்ளிரவில் அழைத்தவரிடம் கேப்டன் ஒருமுறை எரிந்து விழுந்தால், அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள்.

கேள்வி: வானொலியில் எண்கள் குழம்பாமல் இருக்க என்ன வழி?

பதில்: பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட நிலையான சொற்றொடர்களைப் பயன்படுத்துங்கள். அவற்றின்படி, 15 என்பதை ஒன்று, ஐந்து என இலக்கம் இலக்கமாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

கேள்வி: உணவறையில் ஒவ்வொரு நாட்டவரும் தனித்தனியாக அமர்கிறார்கள். தடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓய்வு நேரத்தில் தாய்மொழியில் பேசுவது ஒருவரின் உரிமை. மூன்றாமவருக்குப் புரியாத மொழியில் இருவர் கட்டளை பரிமாறுவதை மட்டும் வேலையிடத்தில் அனுமதிக்கக் கூடாது. உணவைப் பொறுத்தவரை, மத, பண்பாட்டு வழக்கங்களைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே கூறுகிறது. (நல்ல சமையற்காரர் இருக்கும் கப்பலில் பாதிச் சண்டைகள் எழுவதே இல்லை.)

கேள்வி: வேற்று நாட்டு அதிகாரி முகத்துக்கு நேராகக் குறை சொல்வதை அவமதிப்பாகக் கொள்ளலாமா?

பதில்: வேலையிலுள்ள குறையைச் சொன்னால் அதைச் சுருக்கமான பேச்சுமுறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டையோ பிறப்பையோ இழுத்தால் அது வேறு. அதற்கான புகார் நடைமுறையின் பிரதியை உங்களுக்குத் தரவேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் உள்ளது. கப்பலேறும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.