மேற்குப் பார்த்த யன்னலுக்குத் திரை போட்டால் அறைச் சூடு குறையுமா?

திருகோணமலையில் மேற்குப் பக்க அறை பின்னேரத்தில் வேகிறது, திரை போட்டால் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். ஆனால் திரையை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் திரைச்சீலை அதை வாங்கிச் சூடாகும். சூடான துணி விடுகிற வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே போக விடாது. பின்னேரம் மூன்று மணிக்குக் கண்ணாடிக்கும் கடும்நிறத் திரைக்கும் நடுவே கையை வைத்துப் பாருங்கள், அடுப்படி மாதிரிக் காந்தும். அந்தச் சூடு மேலே எழும்பி அறைக்குள்தான் பரவும்.

அதனால் வெயிலை வெளியிலேயே மறிப்பதுதான் சிறந்தது. கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டு தென்னோலையில் பின்னிய ஒரு கிடுகுத் தட்டி கட்டினாலே போதும். தட்டி வாங்கிய சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். எங்கள் பழைய வீடுகளின் தட்டியை நான் இன்றும் மதிக்கிறேன். தாழ்வாரத்தை மட்டும் நம்பாதீர்கள், சாய்ந்த மேற்கு வெயில் அதற்குக் கீழாலே நுழைந்துவிடும்.

வாடகை வீடு, வெளியே கட்ட முடியாதா? சரி, கண்ணாடிப் பக்கம் வெள்ளையாக உள்ள திரையைப் போடுங்கள். வெயில் படுவதற்கு முன்பே மூடிவிடுங்கள்.

ஒன்று, திரை வெளிக்காற்றைக் குளிராக்காது. கச்சான் என்கிற சூடான மேல்காற்று அடிக்கிற நாட்களில் மேற்கு யன்னலைச் சாத்திவிட்டு, கடல்காற்று வரும்போது கிழக்கைத் திறவுங்கள்.