தம்பி தொரப்பாடி சிறையிலிருந்து வருகிறார், வேலைக்கு என்ன செய்வது?

சகோதரி, ஏழு வருடம் கழித்து அடுத்த மாதம் தம்பி வெளியே வருகிறார், உள்ளே ஷூ தைக்கக் கற்றிருக்கிறார், பேரணாம்பட்டில் யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தக் கைத்தொழில்தான் அவருக்குப் பெரிய பலம். தொரப்பாடியில் இருக்கும் வேலூர் மத்திய சிறையில் போலீசாருக்கான ஷூவே தைக்கிறார்கள். எந்தப் பிரிவில் எவ்வளவு காலம் வேலை பார்த்தார் என்று எழுத்தில் தரச் சொல்லி, வருவதற்கு முன்பே மனு கொடுக்கச் சொல்லுங்கள். சம்பளப் பாக்கியையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பெரிய கம்பெனிகளில் போலீஸ் சான்று கேட்பார்கள். அதனால் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்களில் ஆரம்பிப்பது நல்லது. அங்கே ஒரு ஜோடி தைத்துக் காட்டினால் போதும், தையல் நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் முதலாளியிடம் மட்டும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு யார் வாயிலாகவோ தெரிந்தால் வேலையும் போகும், மரியாதையும் போகும்.

அப்புறம் ஆதார். பழைய சிம் எப்போதோ செத்திருக்கும், ஓடிபி வராது, பேங்க் கணக்கு முடங்கிக் கிடக்கும். முதல் வாரமே புது நம்பரை ஆதாரில் சேர்த்துவிடுங்கள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலரை அவசியம் பாருங்கள். விடுதலையானவர்கள் சிறுதொழில் தொடங்க உதவி கேட்கும் வழி அவர் மூலம்தான்.

தெருக்காரர்களை நினைத்து அம்மா பயப்படுவது புரிகிறது. அதற்காகத் தம்பியை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். கடைக்கு, கல்யாணத்துக்குக் கூடவே அழைத்துப் போங்கள்.