பேஸ்பாலில் ரூக்கி (மேல் லீகுக்குப் புதிதாக வந்த) வீரர்களுக்குக் கொடுக்கும் பில்டப் நியாயமா? ‘எங்கள் டிவிஷன்தான் வலுவானது’ என்று ரசிகர்கள் சண்டை போடுவதில் அர்த்தம் ஏதாவது உண்டா?

கேள்வியைப் பார்த்தால், அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் கத்திக்கொள்வதைக் கேட்டுத் தலை சுற்றிப்போய் இங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் மேரிலாண்டில் இருக்கிறேன், பால்டிமோர் ஓரியோல்ஸ் ரசிகன். அதனால் நடுநிலையான பதில் வேண்டுபவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம். கேள்வியின் இரண்டு பாதியும் எனக்குப் பட்ட காலிலேயே படுகிறது.

பில்டப் அதிகம்தான், ஆனால் அதைக் கொடுக்கும் ரசிகனைக் குறை சொல்ல மாட்டேன். டிவிஷன் (ஒரே பிரிவில் இருக்கும் ஐந்து அணி) சண்டையில் அர்த்தம் உண்டு. ஆனால் சண்டை போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பான கணக்கை வைத்துக்கொண்டு போடுகிறார்கள்.

முதலில் பில்டப். 2018ல் ஓரியோல்ஸ் 162 ஆட்டத்தில் 115 தோற்றது. அடுத்த வருடம் 108. 2021ல் 110. மே மாதத்திலேயே கதை முடிந்துவிடும் அணிக்கு ரசிகனாக இருப்பவன் மிச்ச மாதங்களில் என்ன செய்வான்? இளம் வீரர்கள் தேறும் கீழ்மட்ட மைனர் லீக் ஸ்கோர் பார்ப்பான். எங்கள் மைனர் லீக் அணி இருக்கும் நார்ஃபோக்கில் எந்தப் பையன் அடித்தான் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போனை நோண்டிக்கொண்டிருப்பான். தோற்றதற்குக் கிடைக்கும் ஒரே கூலி, அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில் முன்வரிசை. அப்படித்தான் 2019ல் முதல் ஆளாக அட்லி ரட்ச்மனை எடுத்தோம், 2022ல் முதல் ஆளாக ஜாக்சன் ஹாலிடேயை எடுத்தோம். மேலே ஆடுகிற அணி தினமும் உதை வாங்கும்போது, கீழேயிருந்து வரப்போகிறவனைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

சில சமயம் அந்தப் பேச்சு பலிக்கவும் செய்யும். 2022 மே 21ல் ரட்ச்மன் வந்தபோது அணியின் கணக்கு 16 வெற்றி, 24 தோல்வி. அவர் வந்த பிறகு 67 வெற்றி, 55 தோல்வி. ஒரே ஆளால் வந்த மாற்றம் என்று சொல்லவில்லை. பந்து வீசும் பிட்சர்களும் தேறினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடம் ஸ்டேடியத்தில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பலிக்காதது ஹாலிடே கதை. சரி, பாதி பலித்தது என்று வைத்துக்கொள்வோம். 2024 தொடக்கத்தில் ரூக்கி பட்டியல்களில் முதலிடம், வயது 20. ஏப்ரல் 10ஆம் தேதி பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் முதல் ஆட்டம். எங்கள் ஆபீஸ் ஃபேன்டசி லீகில் (நிஜ வீரர்களைப் பொறுக்கி ஆடும் கற்பனை அணிப் போட்டி) அவனை நான்தான் வைத்திருந்தேன். பத்து ஆட்டத்தில் 34 அட்-பேட் (பேட் பிடித்த கணக்கு), 2 ஹிட் (அடித்துப் பேஸை எட்டியது), 18 ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க முடியாமலே அவுட்). மாதம் முடிவதற்குள் நார்ஃபோக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆபீஸில் ஒரு யாங்கீஸ் ரசிகர் உண்டு, நியூ ஜெர்சிக்காரர். அந்த ஏப்ரலில் அவர் காலையில் வந்ததும் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில் ஒரு முட்டை வரைந்து என் மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒட்டுவார், போவார். ஒரு நாள் முட்டைக்குக் கண், மூக்கு, ஆரஞ்சு ஹைலைட்டரில் ஓரியோல்ஸ் தொப்பி எல்லாம் போட்டிருந்தார். அன்றைக்கு அதே நோட்டின் பின்பக்கம் ‘84 அட்-பேட், 42 ஸ்ட்ரைக் அவுட், .179’ என்று எழுதி அவர் மேசையில் கொண்டுபோய் ஒட்டினேன். ‘இது யாருடையது?’ என்றார். ‘உங்கள் கேப்டனுடையது, 2016’ என்றேன். ஆரன் ஜட்ஜ் முதலில் வந்த வருடக் கணக்கு அது; .179 என்பது ஹிட்டை அட்-பேட்டால் வகுத்த சராசரி. அடுத்த வருடம் 52 ஹோம் ரன் அடித்து, ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் சிறந்த ரூக்கி விருது வாங்கினார். எங்கள் கால் ரிப்கென் ஜூனியர் 1981ல் 39 அட்-பேட்டில் 5 ஹிட்தான் அடித்தார். 1982ல் அவர்தான் சிறந்த ரூக்கி. அப்புறம் முட்டை வரவில்லை.

இதைச் சொன்னால் ‘அப்போ ஹாலிடேயும் ஜட்ஜ் ஆகிவிடுவானா?’ என்று கேட்க ஆட்கள் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜூலை 31ல் திரும்பி வந்து டொராண்டோவுக்கு எதிராக ஸ்டேடியத்தை ஒட்டிய யூட்டா ஸ்ட்ரீட்டில் போய் விழும்படி ஒரு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தான். ஊரே குதித்தது. ஆனாலும் அந்த சீசனை .189ல்தான் முடித்தான். 2025ல் .242, 17 ஹோம் ரன். 21 வயதுப் பையனுக்கு இது நல்ல ஆட்டம். ஆனால் ‘தலைமுறைக்கு ஒருத்தன்’ என்று முன்பே எழுதிவிட்டதால் நல்ல ஆட்டம்கூட ஏமாற்றமாகத் தெரிகிறது. பில்டப்பின் உண்மையான கெடுதல் இதுதான். 2009ல் மாட் வீட்டர்ஸ் வந்தபோது அவரைப் பற்றிய சாகச ஜோக்குகளுக்கென்றே ஒரு இணையதளம் ஓடியது. பிற்பாடு நாலு முறை ஆல்-ஸ்டார், இரண்டு முறை சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ். இன்றைக்கும் இங்கே பலர் அவர் பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

‘அப்பா பெயரால் வந்த பில்டப்’ என்றும் ஒரு கோஷ்டி சொல்லும். அப்பா மாட் ஹாலிடே ஏழு முறை ஆல்-ஸ்டார் ஆனவர், உண்மைதான். ஆனால் பையன் பள்ளியின் கடைசி வருடத்தில் 89 ஹிட் அடித்து தேசிய சாதனையை உடைத்துவிட்டுத்தான் டிராஃப்ட்டுக்கு வந்தான். அப்பா பெயரால் இடம் கிடைப்பதைப் பார்க்கவேண்டுமென்றால் சிறுவர் டிராவல் டீம்களைப் போய்ப் பாருங்கள். என் பையன் ஆடிய டீமில் கோச்சின் மகன்தான் எப்போதும் ஷார்ட்ஸ்டாப், கோச்சின் நண்பருடைய மகன்தான் எப்போதும் பிட்சர். என் பையன் ரைட் ஃபீல்டில் புல் பிடுங்கிக்கொண்டு நிற்பான். சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து பென்சில்வேனியா எல்லை வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு போனால், ஒரே ஒரு முறை பேட் பிடிக்க விடுவார்கள். கேட்டால் ‘அவனுக்குக் கவனம் போதவில்லை’ என்பார் கோச். பந்தே வராத மூலையில் நிறுத்திவிட்டுக் கவனத்தை எங்கே வைக்கச் சொல்கிறீர்கள்? கட்டணத்தில் மட்டும் எல்லோரும் சமம். சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

டிவிஷனுக்கு வருகிறேன். மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று டிவிஷன், டிவிஷனுக்கு ஐந்து அணி. ஓரியோல்ஸ் இருப்பது அமெரிக்கன் லீக் கிழக்கில்: யாங்கீஸ், ரெட் சாக்ஸ், டாம்பா பே, டொராண்டோ, நாங்கள். முன்பு சொந்த டிவிஷன் அணி ஒவ்வொன்றோடும் 19 ஆட்டம் இருந்தது. 2023ல் அதை 13 ஆக்கி, எல்லா அணியும் மற்ற எல்லா அணியோடும் மோதும்படி மாற்றினார்கள்.

ஆபீஸ் சண்டையில் ‘எங்கள் டிவிஷன் சாம்பியன் இத்தனை ஜெயித்தது’ என்பார்கள். அதில் ஒன்றும் இல்லை. எந்த வகுப்பிலும் ஒருவன் முதல் ரேங்க் எடுக்கத்தான் செய்வான். வகுப்பு எப்படிப்பட்டது என்பது பொதுத் தேர்வில்தான் தெரியும். டிவிஷனுக்குள் நடக்கும் ஆட்டத்தில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்பார், மொத்தத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் ஐந்து அணிகளின் வெற்றிகளைக் கூட்டி, உள்ளுக்குள் நடந்த 130 ஆட்டத்தின் வெற்றிகளைக் கழித்துவிடுங்கள். மிச்சம்தான் வெளியாட்களிடம் ஜெயித்தது.

2023ல் எங்கள் கிழக்கு: 101, 99, 89, 82, 78. கூட்டினால் 449. கழித்தால், வெளியே ஆடிய 550ல் 319 வெற்றி. அதே வருடம் அமெரிக்கன் லீக் மத்திய டிவிஷன் 550ல் 228. வித்தியாசம் 91 வெற்றி. மத்தியில் மின்னசோட்டா 87 வெற்றியோடு சாம்பியன். எங்களிடம் 89 ஜெயித்த டொராண்டோ மூன்றாம் இடம். இதெல்லாம் வெறும் ‘ரசிகனின் பெருமை’ என்று சந்தேகப்படுகிறவர்கள் எண்களை வைத்துக்கொண்டு பேசட்டும்.

‘அந்த வருட பிளேஆஃப்பில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்கு நடக்கும் தொடர்கள்) என்ன ஆச்சு?’ என்று யாரோ ஏற்கனவே டைப் செய்யத் தொடங்கியிருப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் டெக்சாஸிடம் 0-3. டாம்பா பே அதே டெக்சாஸிடம் 0-2. டொராண்டோ, அதே 87 வெற்றி மின்னசோட்டாவிடம் 0-2. மொத்தத்தில் கிழக்கு 0-7. போதுமா?

2024 இன்னும் கசப்பு. அக்டோபர் 1, எங்கள் ஸ்டேடியமான கேம்டன் யார்ட்ஸ், மத்திய டிவிஷனின் கான்சாஸ் சிட்டி ராயல்ஸோடு பிளேஆஃப் முதல் ஆட்டம். மேல் தளத்தில் இருந்தேன். எங்கள் கார்பின் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸைத் தாண்டியும் வீசி ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். அந்த ஒரு ரன் ஆறாவது இன்னிங்ஸில் ராயல்ஸின் பாபி விட் ஜூனியர் அடித்த ஒரு ஹிட்டில் வந்தது. 0-1 என்று தோற்றோம். எனக்குப் பின்வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்தவர். மெல்லக் குனிந்து, ‘2019ல் நீங்கள் முதல் ஆளை எடுத்தீர்கள். அதற்கு நன்றி’ என்றார். 2019 டிராஃப்ட்டில் ரட்ச்மன் முதல், விட் இரண்டாவது. எங்கே அடிக்கவேண்டும் என்று தெரிந்த மனிதர்.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. ‘உங்கள் 86 வெற்றியில் 12 சிகாகோ ஒயிட் சாக்ஸிடம் வாங்கியது’ என்றேன். ஒயிட் சாக்ஸ் அந்த வருடம் 121 தோற்ற அணி. மத்திய டிவிஷன்காரர்களுக்கு மட்டும் அவர்களோடு 13 ஆட்டம், அமெரிக்கன் லீகின் மற்ற டிவிஷன்களுக்கு ஆறோ ஏழோதான். ராயல்ஸ் அந்த 13ல் 12 ஜெயித்தது. அவர் மறுக்கவில்லை. வேர்க்கடலைப் பையை நீட்டினார், எடுத்துக்கொண்டேன். மறுநாள் 1-2. அன்றைக்கும் முன்னிலை ரன்னைக் கொண்டுவந்தது விட்தான். 2014லிருந்து கணக்குப் போட்டால் ஓரியோல்ஸுக்குத் தொடர்ச்சியாகப் பத்தாவது பிளேஆஃப் தோல்வி.

இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. இரண்டு நாளில் முடிகிற தொடரில் எந்த அணியும் எந்த அணியையும் ஜெயிக்கலாம். 550 ஆட்டம் சொல்வதை இரண்டு ஆட்டம் அழித்துவிடாது. தோற்றவன் சொல்லும் சாக்கு என்பீர்கள். என்றாலும் கூட்டல் கழித்தல் ஒன்றுதானே. 2025ல் நாங்கள் 75 வெற்றியோடு கிழக்கில் கடைசி. அப்போதும் கிழக்கு வெளியே 550ல் 299 ஜெயித்தது, டொராண்டோ உலகத் தொடரின் (கோப்பைக்கான கடைசித் தொடர்) ஏழாவது ஆட்டம் வரைக்கும் போனது. கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘எங்கள் டிவிஷன்’ என்று மார்தட்டக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

உங்கள் ஆபீஸில் அடுத்த முறை சண்டை வந்தால், டிவிஷனுக்கு வெளியே எத்தனை ஜெயித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் சாப்பாட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ரூக்கி பற்றிப் பேச்சு வந்தால் 130 அட்-பேட் ஆகட்டும் என்று சொல்லுங்கள். அதைத் தாண்டினால் விதிப்படியே அவன் ரூக்கி இல்லை என்றாகிறது. நான் அதுவரை காத்திருப்பேனா என்று கேட்காதீர்கள். 2025 ஆகஸ்டில் எங்களுக்கு சாமுவேல் பசாயோ என்று 21 வயதுப் பையன் வந்தான். வந்த ஒரு வாரத்துக்குள் எட்டு வருடத்துக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தம். ஃபேன்டசி லீகில் அவனையும் எடுத்துவிட்டேன்.

யாங்கீஸ் ரசிகர்கள் கமெண்டில் வந்து 27 கோப்பை என்று எழுதப்போகிறீர்கள், தெரியும். 2009க்குப் பிறகு எத்தனை என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.