வன மேலாண்மைச் சான்றிதழ் தணிக்கை என்பது ஃபைலைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலைதானே? என்ன தயார் செய்ய வேண்டும்?

அப்படி நினைத்துத் தயாரானால் முதல் நாள் மதியத்துக்குள் மாட்டிக்கொள்வீர்கள். தோட்டமும் அறுவை ஆலையும் ஒரே நிறுவனத்துடையவை, எஃப்எஸ்சி (காடுகளுக்கும் மரப் பொருள்களுக்கும் சான்றிதழ் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு) சான்றிதழுக்கு முதல் தணிக்கை, ஃபைல் எல்லாம் ரெடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஃபைலை விட்டுவிட்டு, ஃபைலுக்கு வெளியே தணிக்கையாளர்கள் என்ன பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். இங்கே சொல்லும் காலக்கெடுக்கள் எல்லாம் எஃப்எஸ்சியுடையவை. இன்னொரு சான்றிதழ் அமைப்பான பிஇஎஃப்சி அந்தந்த நாட்டுத் திட்டங்களை அங்கீகரிக்கும் அமைப்பு, அங்கே விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும்.

முதலில் நிலத்தின் பழைய கதை. தோட்டம் வைப்பதற்கு முன் அங்கே இயற்கைக் காடு இருந்ததா? 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து நட்டது என்றால் பேச்சுக்கே இடமில்லை. 1994 டிசம்பர் முதல் அந்தத் தேதி வரைக்குள் நடந்திருந்தால், அந்தச் சேதத்தை ஈடுசெய்யும் பரிகார நடைமுறை வழியாகப் போக வாய்ப்பு உண்டு. பழைய செயற்கைக்கோள் படங்களை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள்.

களத்தில் மரத்தைவிட மனிதர்களிடம்தான் அதிக நேரம் போகும். வெட்டுகிறவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற பதில் செல்லாது. அவருடைய கூலிப் பதிவு, பயிற்சி, தலைக்கவசம், செயின்சா வெட்டாத கால்சட்டை எல்லாம் உங்கள் பொறுப்பு. மேலாளரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் கேட்பார்கள்: இப்போது காலில் வெட்டுப்பட்டால் ஆம்புலன்ஸுக்கு இந்த இடத்தை எப்படிச் சொல்வீர்கள்? எழுதிய அவசரகாலத் திட்டம் அலுவலக அலமாரியில் இருந்தால் இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பிறகு வரைபடத்தோடு ஓடைக்கரைக்கு நடப்பார்கள். கரையோரம் வெட்டாமல் விட வேண்டிய பாதுகாப்புப் பட்டைக்குள் புது அடிக்கட்டை ஒன்று இருந்தாலும் அளப்பார்கள். பெட்ரோல் கேன் எங்கே இருக்கிறது, மருந்துக் கிடங்கில் இருக்கும் பூச்சிக்கொல்லி எஃப்எஸ்சியின் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்கப்படும். பரப்பில் குறைந்தது 10 சதவீதம் பாதுகாப்புக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். அது வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்த இடமாக மட்டும் இருந்தால் போதாது.

புகார்ப் பதிவேடு வெறுமையாக இருப்பதைப் பெருமையாக நினைக்காதீர்கள். முதன்மைத் தணிக்கைக்கு 6 வாரம் முன்பே சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், தொழிற்சங்கங்கள், அமைப்புகளுக்குத் தகவல் போயிருக்கும். உங்களிடம் சொல்லாததை அவர்கள் தணிக்கையாளரிடம் நேராகச் சொல்வார்கள்.

இனி ஆலை. பலர் விழுவது இங்கேதான், அதுவும் வெறும் கூட்டல் கழித்தலில். ஓர் உதாரணம். ஆண்டுத் தொடக்கத்தில் இருப்பு இல்லை. சான்று பெற்ற உருட்டுக்கட்டை 400 கன மீட்டர் உள்ளே வந்தது. உங்கள் ஆவணத்தில் மாற்று விகிதம் 50 சதவீதம், அதாவது 200 கன மீட்டர் அறுத்த மரம் வர வேண்டும். ஆனால் சான்றோடு விற்றது 185, கையிருப்பு 40. மொத்தம் 225. அந்த 25 எங்கிருந்து வந்தது?

நேர்மையான காரணங்கள் இருக்கலாம். வட்ட ரம்பத்தை மாற்றிப் பட்டை ரம்பம் போட்டிருப்பீர்கள், ரம்பத்தூளாகப் போவது குறைந்து விளைச்சல் 56 சதவீதத்துக்கு ஏறியிருக்கும், விகிதத்தை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். அல்லது இன்வாய்ஸில் 50-க்கு 100 மில்லிமீட்டர் என்று பெயரளவு போட்டு, இழைத்த பிறகு 45-க்கு 95 உள்ள மரத்தை அனுப்பியிருப்பீர்கள். அந்த ஒன்றிலேயே கன அளவு 17 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய சான்றில்லாத மரத்தைக் கலந்தாலும் கணக்கு இதே மாதிரிதான் இருக்கும். சோதனை அறுவைப் பதிவு இல்லாமல் இரண்டையும் பிரித்துக் காட்ட வழியே இல்லை. ஆகவே இனவாரியாக, கட்டையின் பருமன் வாரியாகச் சில சோதனை அறுவைகள் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். கட்டையைப் பட்டையோடு அளக்கிறீர்களா, பட்டை நீக்கியா என்பதையும் எழுதுங்கள். தோட்டத்தில் ஒரு மாதிரி, ஆலை வாசலில் வேறு மாதிரி அளந்தால் எந்த விகிதமும் நிற்காது. இந்தப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

குறைபாடு எழுதினால் பதற வேண்டாம். மேஜர் (பெரிய குறைபாடு) என்றால் முதல் தணிக்கையில் அதைச் சரிசெய்த பிறகே சான்றிதழ். சான்றிதழ் வந்த பின் என்றால் 3 மாதம். மைனருக்கு (சிறிய குறைபாட்டுக்கு) ஓர் ஆண்டு. திரும்பி வருகிற பதில்களில் பாதி "பணியாளருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்பதாகவே இருக்கும். அது ஏற்கப்படாது, ஏனென்றால் ஏன் நடந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. ஓடைப் பட்டைக்குள் மரம் விழுந்தது என்றால், எல்லையைக் குறித்தது யார், வெட்டுகிறவர் கையில் வரைபடம் இருந்ததா என்று பின்னோக்கிப் போங்கள். சான்றிதழ் 5 ஆண்டுக்கு, ஆனால் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

"சான்று பெற்ற காடுகளிலேயே முறைகேடு நடந்திருக்கிறதே, தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த நிறுவனம்தானே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். இரண்டும் உண்மை. தணிக்கை மாதிரி எடுத்துப் பார்ப்பது, முழுக் காட்டையும் நடந்து முடிப்பதல்ல. கட்டண முறை இந்த அமைப்பின் பலவீனம்தான். அதற்காகத்தான் தணிக்கை நிறுவனங்களையே ஏஎஸ்ஐ என்ற அமைப்பு தணிக்கை செய்கிறது, அறிக்கைச் சுருக்கமும் பொதுவில் வெளியாகிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அந்தச் சுருக்கத்தை ஒரு முறையாவது திறந்து படிக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொள்முதல் துறையில் இருப்பவர்கள் விற்பவரின் சான்றிதழ் பிடிஎஃப்பை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டு, சான்று பெற்ற மரம் வாங்கிவிட்டோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறார்கள். இதைக் கண்டால் எனக்கு ஆறவே ஆறாது. அந்த பிடிஎஃப் சொல்வது, இந்த நிறுவனத்தால் சான்றுள்ள சரக்கை விற்க முடியும் என்பதை மட்டுமே. உங்களுக்கு வந்த லாரியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இன்வாய்ஸில் அந்தந்தப் பொருளுக்கு நேராக "எஃப்எஸ்சி 100%" அல்லது "எஃப்எஸ்சி மிக்ஸ்" போன்ற உரிமைகோரலும், விற்பவரின் சான்றிதழ்க் குறியீடும் இருக்க வேண்டும். அந்தக் குறியீடு விற்ற தேதியில் செல்லுபடியாக இருந்ததா, அந்தப் பொருள்வகை அதன் வரம்பில் உண்டா என்பதை எஃப்எஸ்சியின் பொதுத் தேடல் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நீங்கள் விற்கும்போதும் இதே வரியை உங்கள் பில்லிங் மென்பொருளில் இப்போதே சேர்த்துவிடுங்கள், ஆனால் சான்றிதழ் கைக்கு வருகிற நாள் வரை அதை முடக்கியே வையுங்கள். அதற்கு முன்பு ஒரு இன்வாய்ஸில் அந்த வரி போனாலும் அது பொய்யான உரிமைகோரல்.