இரண்டாவது ஆல்பத்துக்குப் புதுமுக விருதா?

'பேக் டு பிளாக்' பற்றி வாசகர் கேள்விகள்

கே: 'பேக் டு பிளாக்' பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் இரண்டாவது ஆல்பம். பிறகு கிராமியில் 'சிறந்த புதுமுகம்' விருது எப்படிக் கொடுத்தார்கள்? – வாசகி, செந்தூல்

ப: முதல் ஆல்பமான 'ஃபிராங்க்' 2003இல் பிரிட்டனில் வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு அது போனது 2007 நவம்பரில்தான். 2006 அக்டோபரில் பிரிட்டனில் வெளியான 'பேக் டு பிளாக்' அதை முந்திக்கொண்டு 2007 மார்ச்சிலேயே அங்கே இறங்கிவிட்டது. ஆக, அமெரிக்கர்களுக்கு அவர் புதுமுகம்தான். 2008 பிப்ரவரியில் அந்த விருதோடு சேர்த்து 5 கிராமி கிடைத்தது. விசா சிக்கலால் லண்டனில் இருந்தபடியே செயற்கைக்கோள் வழியாகப் பாடினார்.

கே: விமர்சகர்கள் எல்லாருமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: பெரும்பாலோர் கொண்டாடினார்கள். 'இது 1960களின் நகல்' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அது முழுப் பொய்யும் அல்ல: 'டியர்ஸ் ட்ரை ஆன் தெய்ர் ஓன்' பாட்டின் பின்னணி, அமெரிக்கப் பாடகர்கள் மார்வின் கே – டாமி டெரல் 1967இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. ஆனால் அந்தக் காலத்துப் பெண் குழுக்கள் காதலனுக்காக உருகிய மெட்டில், இவர் 'ரிஹாப்' பாட்டில் 'போதை மறுவாழ்வு மையத்துக்குப் போகமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். நகலெடுப்பவருக்கு அந்தத் துணிச்சல் வராது. பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசின் 2007 பட்டியலில் இந்த ஆல்பம் இருந்தும், பரிசு கிளாக்ஸன்ஸ் குழுவுக்குப் போனது. இன்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கே: எங்கள் இசைக்குழுவில் தலைப்புப் பாட்டை வாசிக்கிறோம். டிரம்ஸ் மட்டும் புதுசாக, தகரம் மாதிரி கேட்கிறது. ஏன்? – வாசகர், பட்டர்வொர்த்

ப: நீங்கள் டிரம்ஸுக்கு வைக்கும் மைக்குகள் அதிகமாக இருக்கும். ஆல்பத்தின் 11 பாட்டில் 6 மார்க் ரான்சன் தயாரித்தவை, மீதி சலாம் ரெமி. ரான்சன் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் டாப்-கிங்ஸ் என்ற இசைக்குழு நியூயார்க்கின் புரூக்ளினில் வாசித்தது. டிரம்ஸ், பியானோ, கிட்டார், பேஸ் எல்லாம் ஒரே அறையில். டிரம்ஸுக்கு ஒரே மைக். ஒரு கருவியின் ஓசை இன்னொன்றின் மைக்கில் கசிந்தது. கோயில் வாசலில் உறுமி மேளத்தைக் கைப்பேசியில் பதிந்தால் எல்லாம் குழைந்து வருமே, அந்தச் சங்கதிதான்.

டிரம்மரின் தோளுக்கு மேலே, ஸ்னேருக்கும் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) பேஸ் டிரம்முக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஏறத்தாழ சம தூரத்தில் ஒரே மைக் வையுங்கள். 1 மீட்டர் இடைவெளி போதும். ஸ்னேரில் கால்வாசி மறைய 'குட் மார்னிங்' என்று அச்சிட்ட மெல்லிய பருத்தித் துண்டைப் போட்டால் 'கணீர்' அடங்கி 'டப்' வரும். முழுக்க மூடினால் ஓசை செத்துவிடும். சிம்பலை (உலோகத் தட்டு) ஓங்கி அடித்தால் ஒற்றை மைக்கில் அதுவே முன்னால் நிற்கும்; பிறகு மிக்ஸரில் பிரித்துக் குறைக்க வழியில்லை, டிரம்மரின் கைதான் அடங்க வேண்டும்.

ஸ்வரக்கட்டு (கார்டுகள்) எளிது: டி மைனர், ஜி மைனர், பி ஃபிளாட், ஏ செவன். வேகம் நிமிடத்துக்கு 120ஐ ஒட்டி. பாடுபவர் தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் விழ வேண்டும், பிருகா வேண்டாம். நடுவில் 'பிளாக்' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் டிரம்ஸ் ஓய்ந்து மணியோசை கேட்கும். பல குழுக்கள் அங்கே வெற்றிடம் பொறுக்காமல் ரோல் (இடைவிடாத உருட்டல்) அடித்துக் கெடுக்கிறார்கள். உங்கள் டிரம்மரைக் குச்சிகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.