ஒரு புள்ளி அடித்தால் இரண்டு விழுகிறதா?

கேள்வி: பழைய ஹாக்சா பிளேடை வைத்து மோர்ஸ் கீ (புள்ளியும் கோடுமாகச் செய்தி அடிக்கும் ஸ்விட்ச்) ஒன்று செய்தேன். சில சமயம் ஒரு புள்ளி இரண்டாக விழுகிறது, கோடு நடுவில் அறுந்துபோகிறது. தங்க முலாம் பூசிய கீ வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிளேடே போதும்.

முதலில் டிரான்ஸ்மிட்டரின் மெனுவைப் பாருங்கள். கீயை அழுத்திப் பிடித்ததும் ஒரே சீராகப் புள்ளிகள் ஓடினால், உள்ளே இருக்கும் தானியங்கி கீயர், அதாவது புள்ளி கோடுகளைத் தானே உருவாக்கும் சுற்று, வேலை செய்கிறது என்று பொருள். அதை சாதாரணக் கீக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வரியைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? 2003 உலக வானொலி மாநாடு அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயமில்லை என்றதிலிருந்து, கீயைப் பற்றிப் பேசவே யாருக்கும் பொறுமையில்லை.

அங்கே கோளாறு இல்லையா? சரி, கீயைக் கழற்றி மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். பிளேடை அழுத்திப் பிடித்தபடியே ஒயரை லேசாக ஆட்டுங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் இணைப்புதான் சரியில்லை. பெரும்பாலும் பெயின்ட்தான் காரணம். பிளேடின் பூச்சுக்கு மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிறோம். அது எங்கோ கீறிய இடத்தில் மட்டும் மின்சாரம் போய்வரும், ஆட்டத்தில் அதுவும் நின்றுவிடும். துளையைச் சுற்றி இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு, ஒயரை வாஷருக்கு அடியில் வைத்து இறுக்குங்கள்.

புள்ளி இரட்டிப்பது துள்ளலால். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி விநாடி. தகடு பட்டுத் துள்ளுவது சில மில்லி விநாடிதான் என்றாலும் டிரான்ஸ்மிட்டர் அதையும் எண்ணிவிடும். பிடிக்கும் கட்டையை முன்னே தள்ளி, ஆடும் நீளத்தைக் குறையுங்கள். ஒன்றையொன்று தொடும் இரண்டு கான்டாக்ட்டுக்கும் நடுவே தடித்த அட்டை ஒன்று நுழையும் இடைவெளி போதும். அடிப்பலகை கனமாக இருக்கட்டும்.

முலாம் துள்ளலை நிறுத்தாது. விற்பவருக்கு இது தெரியாமலில்லை. 'ராணுவத்தில் இருந்த அசல் கீ' என்று வருபவர்களிடமும் ஜாக்கிரதை. புதுப் பித்தளையைக் கறுக்கவைப்பது பெரிய வித்தை அல்ல. செத்துப்போன ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்றிலிருந்து வெள்ளிக் கான்டாக்ட் இரண்டைப் பெயர்த்துப் பற்றவைத்தால் காலத்துக்கும் வரும். அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வெள்ளைத் தாளை நடுவில் வைத்து, லேசாக அழுத்தி உருவினாலே அழுக்கு வந்துவிடும்.

நான் சொன்னதெல்லாம் டிரான்சிஸ்டர் கருவிகளுக்கு. அவற்றின் கீ முனையில் சில வோல்ட்தான் இருக்கும். யாராவது பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் கொடுத்தால் இந்தக் கீயை அதில் சொருகவே கூடாது. சில வால்வு கருவிகளில் கீ திறந்திருக்கும்போது முனையில் நூறு வோல்ட்டுக்கு மேலும் நிற்கும். உங்கள் விரலோ வெறும் தகட்டின் மேல். குமிழுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டேனே என்பீர்கள். விரல் வழுக்கினால்? பிளேடு பக்கத்தை எர்த்தோடு சேர்த்தேன் என்பீர்கள். ஒயரை ஒருநாள் மாற்றிச் சொருகினால்? இடையில் ஒரு ரிலே போட்டு, குறைந்த வோல்ட்டில் அதை மட்டும் உங்கள் கீ இயக்கும்படி செய்யுங்கள்.