மரபணு மாற்றிய உணவைச் சாப்பிடலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகள் இவை. பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுமதி பெற்று இன்று சந்தையில் இருப்பவற்றைச் சாப்பிடலாம். அவற்றால் யாருக்கும் நோய் வந்ததாக உறுதியான சான்று இல்லை. ஆனால் நாளைக்கு வரப்போகிற எல்லாவற்றுக்கும் இப்போதே சேர்த்துச் சரி சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன்.

மாலதி: மேடம், அந்த மரபணு நம் உடம்புக்குள் போய் நம்முடைய மரபணுவோடு ஒட்டிக்கொள்ளாதா? அதுதான் எனக்குப் பயம்.

காய், பழம், இறைச்சி எதைச் சாப்பிட்டாலும் அதன் மரபணுக்களையும் சேர்த்துத்தான் விழுங்குகிறோம். வயிற்று அமிலமும் குடல் நொதிகளும் அவற்றைத் துண்டு துண்டாக்கிவிடும். புதிதாகச் சேர்த்த மரபணுவும் அதே பொருளால் ஆனதுதான், அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

இதை ஆட்களிடமே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் பெருங்குடல் நீக்கப்பட்டு, சிறுகுடலின் முனை வயிற்றுக்கு வெளியே பையில் திறக்கும்படி வைத்திருந்த 7 பேருக்கு பிரிட்டனில் மரபணு மாற்றிய சோயாவைக் கொடுத்து, பையில் வந்ததை எடுத்து ஆராய்ந்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. சிறுகுடலின் கடைசி வரை அந்த மரபணுவில் கொஞ்சம் தப்பி வந்திருந்தது. முழுக் குடலும் உள்ளவர்களின் கழிவில் எதுவும் இல்லை. அந்த 7 பேரில் 3 பேரின் குடல் பாக்டீரியாவில் அந்த மரபணுவின் சிறு துண்டு சோதனைக்கு முன்பே இருந்ததற்கு அறிகுறி தெரிந்தது, ஆனால் சோயா சாப்பிட்ட பிறகு அது கூடவில்லை. "ஒன்றுமே நடக்காது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடுவார்கள். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. பாக்டீரியா அக்கம்பக்கத்தில் கிடைக்கிற மரபணுவை எடுத்துக்கொள்வது எப்போதும் நடப்பதுதான். மனித உயிரணுவுக்குள் புகுந்து வேலை செய்வது வேறு கதை, அது நடந்ததாகச் சான்று இல்லை.

கதிர்: எலி உடம்பெல்லாம் கட்டியாக இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுமா சாப்பிடலாம் என்கிறீர்கள்?

பார்த்தேன், எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. பிரான்ஸில் செராலினி குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. களைக்கொல்லியைத் தாங்கும் என்கே603 என்ற மக்காச்சோளத்தையும் அந்தக் களைக்கொல்லியையும் 2 வருடம் எலிகளுக்குக் கொடுத்தார்கள். மொத்தம் 200 எலி. கேட்க நிறையத் தெரிகிறது, ஆனால் அதை ஆண், பெண் என்றும் விதவிதமான அளவு என்றும் பிரித்ததில் ஒரு குழுவுக்கு 10 எலிதான் மிஞ்சியது. சாதாரணத் தீனி தின்ற ஒப்பீட்டுக் குழுவும் அப்படித்தான், ஆண் 10, பெண் 10.

அடுத்தது எலியின் வகை. ஸ்ப்ராக்-டாலி என்ற அந்த வகை, 2 வயதை நெருங்கும்போது எதைத் தின்றாலும் கட்டி வருவதற்குப் பேர்போனது. வெளியிட்ட படத்தில் சோளமும் களைக்கொல்லியும் பெற்ற எலிகள்தான் இருந்தன, ஒப்பீட்டுக் குழு எலி ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆய்வின் மேல் இருந்த மரியாதை போனது அந்த இடத்தில்தான். ஒப்பீட்டுக் குழு எலிகளுக்கும் கட்டி வந்திருந்தது, படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

2013 நவம்பரில் ஆய்வை வெளியிட்ட இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மோசடி என்று சொல்லவில்லை, இத்தனை குறைந்த எலிகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றது. 2014-ல் வேறொரு இதழில் மறுபடி வந்தது. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், இன்னும் பெரிய குழுக்களோடு, அதே என்கே603 சோளத்தை 2 வருடம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கெடுதல் தெரியவில்லை. அதைப் படம் பிடித்து யாரும் பரப்பவில்லை, நலமாக இருக்கிற எலியை யார் பார்ப்பார்கள்?

ஷெரின்: எனக்குக் கொட்டை வகைகள் ஒவ்வாது. தெரியாமல் ஏதாவது பயிருக்குள் அந்தப் புரதத்தை வைத்துவிட்டால்?

வந்ததிலேயே நல்ல கேள்வி. இது நடக்கவும் இருந்தது. சோயாவில் மெத்தியோனின் என்ற சத்து குறைவு. அதைக் கூட்ட ஒரு நிறுவனம் பிரேசில் கொட்டையிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து சோயாவில் வைத்தது. கால்நடைத் தீவனத்துக்காகத்தான். அந்தக் கொட்டை ஒவ்வாத 9 பேரின் ரத்த நீரோடு அந்த சோயாவைச் சேர்த்துச் சோதித்தபோது 8 பேருடையது வினைபுரிந்தது. எடுத்த மரபணுவே ஒவ்வாமை தருகிற புரதத்துடையதாகப் போயிருந்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள், 1996-ல் முடிவும் வெளியானது. சந்தைக்கு வரவே இல்லை.

இப்போது புதுப் புரதம் எதுவானாலும் முதலில் தெரிந்த ஒவ்வாமைப் புரதங்களோடு அதன் அமைப்பை ஒப்பிடுவார்கள். பிறகு வயிற்று நீர் போலவே கலக்கிய கரைசலில், பெப்சின் நொதியோடு, அந்தப் புரதத்தைப் போட்டு வைப்பார்கள். சில நொடிக்கு ஒரு தரம், பிறகு சில நிமிடத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் எடுத்து, ஜெல் போன்ற கூழ்மத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டிப் பார்த்தால் புரதம் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை சட்டென்று மறைந்தால் நிம்மதி. நேரம் போகப் போக அப்படியே நின்றால் சந்தேகம். ஒவ்வாமை தரும் புரதங்களில் பல இப்படிச் செரிக்காமல் நிற்பவை.

ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்றிய மக்காச்சோளத்தில் இருந்த புரதம் அப்படித்தான் சீக்கிரம் செரியவில்லை. அதனால் அமெரிக்காவில் அதைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2000-ல் அது மனிதர் தின்னும் சோளப் பண்டங்களில் கலந்திருந்தது தெரிந்து, சரக்கையெல்லாம் திரும்ப எடுத்தார்கள். உடம்புக்கு ஆகவில்லை என்று புகார் செய்தவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதம்தான் காரணம் என்று தெரியவில்லை. ஆனாலும் இந்தக் கதையில் எனக்குக் கவலை தருவது வேறு. சோதனை சரியாக எச்சரித்தது. கிடங்கில் இரண்டு சோளத்தையும் பிரித்து வைக்கத்தான் முடியவில்லை.

பிரபு: விதையில்லாத தர்பூசணி?

மரபணு மாற்றியது இல்லை. இரண்டு விதமான செடிகளைக் கலந்து வந்தது. தைரியமாகச் சாப்பிடுங்கள்.

நிர்மலா: பூச்சியைக் கொல்கிற செடி மனிதனை மட்டும் விட்டுவிடுமா? இது என்ன நியாயம் சார்?

சார் இல்லை, மேடம். போகட்டும். பூச்சியைக் கொல்லும் பிடி (Bt) பயிர்களில் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதம். புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது, அங்கே அது கரைந்து, குடல் சுவரில் தனக்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் அமிலம், அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. இயற்கை விவசாயம் செய்பவர்கள்கூட இதே பாக்டீரியாவைத் தெளிப்பானாகப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நாளடைவில் புழுக்கள் இதற்குப் பழகிவிடுவது உண்மையான பிரச்சினைதான், ஆனால் அது வயலின் பிரச்சினை.

அருண்: களைக்கொல்லி தாங்கும் பயிர் என்றால் மருந்தை அள்ளி அடிக்கலாம் என்றுதானே அர்த்தம்? அது தட்டுக்கு வராதா?

இதை மட்டும் லேசாகத் தள்ள மாட்டேன். இந்தப் பயிர்களில் அதிகம் தெளிக்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்கிற 2ஏ பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பு குறைவு என்றது. முன்னது வெளியான ஆய்வுகளைக் கொண்டு, கிளைபோசேட்டோடு அது கலந்த மருந்துகளையும் பார்த்தது, பின்னது நிறுவனங்கள் தந்த ஆய்வுகளையும் சேர்த்து, கிளைபோசேட்டை மட்டும் பார்த்தது. தட்டைப் பொறுத்தவரை எச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி, அதை அளந்து சொல்ல முடியும், அளக்கவும் வேண்டும். மருந்து தெளிக்கிறவருக்கு உள்ள ஆபத்து உண்பவருக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. அவரைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

தேவி: சோயா எண்ணெய் புட்டியைப் பரிசோதித்தால் தெரிந்துவிடுமா?

அநேகமாகத் தெரியாது. நாங்கள் தேடுவது புகுத்திய மரபணுவை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது. ஒவ்வாமைப் பயமும் அதனால் அங்கே குறைவு.

வெங்கடேசன்: நான் சுத்த சைவம். தக்காளியில் மீன் மரபணு இருக்கிறதாமே? இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது அம்மா?

குளிரைத் தாங்க வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் ஒரு மீனின் மரபணுவை வைத்துத் தக்காளியில் சோதித்தது உண்மை. கடைக்கு வந்ததே இல்லை. இன்னொரு பக்கம், பாலைத் திரிக்கும் கைமோசின் நொதியை முன்பெல்லாம் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். 1990 முதல் அதே நொதியை மரபணு மாற்றிய நுண்ணுயிர்கள் செய்கின்றன. அதனால் கன்றைக் கொல்லாத சீஸ் கிடைத்தது. சைவர்கள் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள், அந்த மரபணுவின் மூலம் கன்றுதானே என்று ஒதுக்கியவர்களும் உண்டு. உங்கள் மனசு எந்தப் பக்கம் என்று என் கருவி சொல்லாது. வேண்டாம் என்று ஒதுக்க உங்களுக்கு உடல்நலக் காரணம் தேவையில்லை. ஒதுக்க முடிகிற மாதிரி அட்டையில் எழுதியிருக்க வேண்டும், அதை நான் எங்கேயும் வாதாடுவேன்.

ரஹீம்: 50 வருடம் கழித்து ஏதாவது வந்தால்?

மரபணு மாற்றிய தக்காளி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1994-ல். அங்கே இவ்வகை உணவு தாராளம், மேற்கு ஐரோப்பாவில் மிகக் குறைவு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் இரண்டு பக்கத்து நோய்க் கணக்குகளையும் ஒப்பிட்டபோது, புற்றுநோய், உடல் பருமன், சிறுநீரக நோய் எதிலும் இந்த உணவைக் காரணம் காட்டும் வேறுபாடு தெரியவில்லை. இன்னும் 50 வருடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பழைய முறையில் கலப்பு செய்து 1967-ல் வந்த லெனாபே உருளைக்கிழங்குக்கும் உத்தரவாதம் கிடையாது, சோலனின் நச்சு கூடிப்போய் அதைத் திரும்ப எடுத்தார்கள். அதில் புகுத்திய மரபணு எதுவும் இல்லை.

கவிதா: மரபணுத் திருத்தம் என்று புதிதாகச் சொல்கிறார்களே, அதையும் உங்கள் கூடத்தில் கண்டுபிடிப்பீர்களா?

செடியின் சொந்த மரபணுவிலேயே ஓர் இடத்தை மாற்றுவதுதான் அது. 2021-ல் ஜப்பானில் அப்படி ஒரு தக்காளி விற்பனைக்கு வந்தது, காபா என்ற பொருள் அதில் அதிகம். வெளியிலிருந்து மரபணு எதுவும் மிஞ்சாததால் வழக்கமான சோதனையில் அது மற்ற தக்காளி போலவே தேறும். என்ன மாற்றினார்கள் என்று முன்கூட்டியே சொன்னால்தான் அந்த ஓர் இடத்தைத் தேட முடியும். அப்போதும் மாற்றம் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், அது கூடத்தில் செய்ததா, தானாக வந்ததா என்று சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் எங்களை நம்பாதீர்கள், விதையோடு வருகிற காகிதத்தைக் கேளுங்கள்.